முற்றத்துப் புன்னை

வீட்டு வாசலில் எந்த மரத்தை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதைப் பற்றி நம் நாட்டுப் பெரியவர்கள் திட்டமான அபிப்பிராயங்கள் உடையவர்களாக இருந்தார்கள். புளியை வீட்டுக்கு அருகில் அண்டவிட மாட்டார்கள். முருங்கையைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வேம்பு வாசலில் நின்றால் அம்மனே வந்து நிற்பதாகக் கொண்டு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுவார்கள். பூவரசும் புங்கும் மாட்டுத் தொழுவத்தின் ஓரத்திலும் களத்து மேட்டிலும் நின்று உழைத்தவனுக்கும் உழைத்த எருதுக்கும் பேதமின்றி நிழல் கொடுக்கும். இந்த வரிசையில் புன்னைக்கு இக்காலத்தில் இடமில்லாமற் போய்விட்டது. அதைக் கோயிற் பிராகாரத்தில் கண்டால் தலவிருட்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்பால் போகிறோமேயன்றி, நம் வீட்டு முற்றத்திலும் அது நிற்கத் தக்க மரம் என்ற நினைவு நமக்கு எழுவதில்லை. ஆயினும், ஒரு வீட்டார் தம் கையால் விதை ஊன்றிப் பெற்ற பிள்ளையைப் போல ஊட்டி வளர்த்த மரம் ஒன்றைப் பழந்தமிழ் இலக்கியத்தில் தேடிச் சென்றால், நாம் முதலில் போய் நிற்கும் இடம் ஒரு புன்னையின் அடிதான்.

நற்றிணையின் 172ஆம் பாட்டு அது. பாடியவர் பெயர் தெரியவில்லை. காதலியைக் காண்பதற்காகப் பகற்பொழுதில் வந்து மரநிழலில் நிற்கும் தலைவனைப் பார்த்துத் தோழி பேசுகிறாள். அவர்கள் சிறுமியராக இருந்த காலத்தில், ஆயத்தாரோடு விளையாடியபோது, வெண்மணலில் ஒரு விதையை அழுத்திவிட்டு மறந்து போனார்களாம். அது பிறகு முளைத்துத் தோன்றவே, நெய்யும் பாலும் வார்த்து அதை வளர்த்தார்களாம். அப்போது தாய், 'உங்களைக் காட்டிலும் இது சிறந்தது, உங்களுக்கு இது தங்கை முறை ஆகும்' என்று அதன் பெருமையைச் சொன்னாளாம். ஆகையால் இந்தப் புன்னையின் கீழ் உம்மோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது, வேறு நிழல்கள் இங்கே நிறைய இருக்கின்றன என்று அவள் முடிக்கிறாள். தலைவன் மணம் செய்துகொள்ளாமல் காலம் கடத்துகிறான் என்பதும், இந்தச் சாதுரியமான பேச்சின் உட்கருத்து அவனை விரைவில் வரைந்துகொள்ளத் தூண்டுவதே என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் நயம். நமக்கு இங்கே வேண்டியது அந்த நயத்துக்கு அடிப்படையாக நிற்கும் வாழ்க்கைச் செய்திதான். தங்கையின் கண்ணெதிரே காதலனோடு குலாவ முடியாது என்று ஒரு பெண் சொன்னால் கேட்பவன் அதை நம்ப வேண்டும்; அந்தத் தங்கை ஒரு மரம் என்றாலும் அவன் நம்ப வேண்டும். வீட்டில் வளர்த்த மரத்துக்கு உறவுமுறை சொல்லும் வழக்கம் கேட்பவர்களுக்குப் பழகியதாக இல்லாவிட்டால் இந்தப் பாட்டு வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும்.

பாலும் நெய்யும் மரத்துக்கு எரு ஆகுமா என்று தோட்டக்கலை பயின்றவர்கள் கேட்கலாம். ஆகாதுதான். குழந்தைக்கு ஊட்டுவதையே மரத்துக்கும் ஊட்டினார்கள் என்பதே அங்கே சொல்லப்படுவது. ஆனால் அந்தப் பாட்டில் வேறோர் இடத்தில் புலவர் தாவர சாஸ்திரிகள் மெச்சத் தக்க நுட்பத்தைக் காட்டியிருக்கிறார். விதையை அழுத்திவிட்டுச் சிறுமியர் மறந்து போனார்கள் என்கிறாரே, அது எவ்வளவு பொருத்தம்! புன்னை விதை கெட்டியான ஓட்டுக்குள் இருப்பது. ஓட்டை நீக்கிப் பருப்பை ஊன்றினால் ஏறத்தாழ மூன்று வாரத்தில் முளை காணும். ஓட்டோடு புதைத்தாலோ இரண்டு மாதம் வரையில் ஒன்றும் வெளியே தெரியாது. விளையாட்டுப் பிள்ளைகள் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள்? அவர்கள் மறந்து வேறு விளையாட்டில் மூழ்கிய பிறகு, ஒரு நாள் காலையில் மணலைப் பிளந்துகொண்டு செந்நிறத் தண்டு எழுந்திருக்க வேண்டும். புன்னையைத் தம் கையால் வளர்த்தவர்களுக்கன்றி இந்த மறதி பாட்டில் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தை சொல்ல வேண்டும். புன்னையின் இலை தடித்து, மினுமினுத்து, கரும்பச்சையாக இருக்கும். நடுநரம்பிலிருந்து இருபுறமும் நூல் பிடித்தாற்போல நெருங்கிய இணைகோடுகளாக ஓடும் பக்க நரம்புகளைக் கொண்டே வேறு மரங்களிலிருந்து இதை இனம் கண்டுகொள்ளலாம். கிளையையோ இலைக்காம்பையோ ஒடித்தால் மஞ்சளோடிய பால் கசியும். இலை ஒரே சமயத்தில் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும் பருவம் இதற்கு இல்லை. வெயில் கொளுத்துகிற சித்திரை, வைகாசியிலும் நிழல் குறையாது. மொட்டு முத்துப்போல் உருண்டு வெளுத்திருக்கும். மலர்ந்தால் வெள்ளை இதழ்களின் நடுவே பொன்னிறக் கேசரங்கள் கொத்தாக நிற்கும். முத்தையும் பொன்னையும் புன்னைக்கு உவமையாக்கிச் சங்கப் புலவர்கள் சலிக்காமல் பாடியிருப்பதன் காரணம் மரத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிடும். பரிமளம் மெல்லியது, மல்லிகையைப் போலத் தெருக்கோடியிலேயே வந்து அழைப்பதன்று, அடியில் போய் உட்கார்ந்தவனுக்கே அது கிடைக்கும். வண்டும் தேனீயும் மொய்க்கும். பிறகு பச்சை உருண்டையாகக் காய் திரண்டு, பழுத்து மஞ்சளாகி, உலர்ந்து பழுப்பாகி விழும். வௌவால்கள் இரவில் மேல்தோலைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையைத் தொலைதூரத்தில் போட்டுப் போகும். இந்த மரத்துக்கு அவசரம் என்பது கிடையாது. முதல் சில ஆண்டுகள் இது வளர்கிறதா இல்லையா என்று வைத்தவருக்கே சந்தேகமாக இருக்கும். பூத்துக் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகலாம்.

நெய்தல் நிலத்துக்கு உரிய மரம் இது. உப்புக் காற்றையும் வெறும் மணலையும் பொருட்படுத்தாமல் கடலை நோக்கிச் சாய்ந்து வளரும் தைரியம் இதற்கு உண்டு. பரதவர் சேரியில் வலை உலர்த்துவதும், மீன் காயவைப்பதும், முதியவர்கள் உட்கார்ந்து பழங்கதை பேசுவதும், தலைவி தேருக்காகக் காத்திருப்பதும் புன்னையின் கீழே நடந்தன என்று தொகை நூல்கள் காட்டுகின்றன. மேலே சொன்ன பாட்டுக்கு மூன்று பாட்டுத் தள்ளி, 175ஆம் பாட்டிலும் ஒரு புன்னை நிற்கிறது. அங்கே பரதவர், மீனிலிருந்து எடுத்த நெய்யைக் கிளிஞ்சல் ஓட்டில் ஊற்றி விளக்கேற்றி, அந்தச் சிறு வெளிச்சத்தில் மணல்மேட்டில் உறங்குகிறார்கள். துறையில் நறுமலர்ப் புன்னை ஓங்கியிருக்கிறது. பிற்காலத்தில் விளக்கெரிக்கும் எண்ணெய்க்கு என்றே பெயர் பெற்ற மரம் பக்கத்தில் நிற்க, விளக்கு எரிவதோ மீன் நெய்யால்! ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒரு காலத்தின் பழக்கத்தை முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை நான் அறிவேன். எனினும் தொகை நூல்களில் புன்னை நிழலாகவும் பூவாகவும் மணமாகவும் தங்கையாகவும் வருகிறதே அன்றி எண்ணெயாக வருவதாக எனக்கு நினைவில்லை. பயனைக் கருதி வீட்டுக்குள் வந்த மரம் அன்று இது என்றும், பாசம் முந்தியது, பிரயோஜனம் பிந்தியது என்றும் கொள்வதற்கு எனக்கு இந்தக் குறிப்பு போதும்.

வடமொழி நூல்களிலும் வீட்டுத் தோட்டத்தில் இதற்கு ஓர் ஆசனம் போட்டிருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினிப் பிரதேசத்தில் இருந்த வராஹமிஹிரர், கிரகங்களையும் மழையையும் ரத்தினங்களையும் கட்டில் கால்களையும் பற்றியெல்லாம் எழுதிய தம் பிருஹத் ஸம்ஹிதையில், விருட்சாயுர்வேதத்துக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தோப்பிலானாலும் சரி, வீட்டிலானாலும் சரி, முதலில் வைக்க வேண்டிய மங்கள விருட்சங்கள் என்று அதில் ஐந்தைச் சொல்கிறார்: வேம்பு, அசோகம், புன்னாகம், சிரீஷமாகிய வாகை, பிரியங்கு. இங்கே புன்னாகம் என்பது நம் புன்னைதான் என்று பொதுவாகக் கொள்வார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கும்போது புன்னையையும் புன்னாகத்தையும் தனித்தனியாக எண்ணியிருப்பதைக் காட்டி மறுப்பவர்களும் இருக்கலாம்; அவ்விவாதத்தை நிகண்டு வல்லவர்களிடம் விட்டுவிடுவோம். அந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, மரத்துக்கு மரம் விடவேண்டிய இடைவெளியைப் பற்றிய விதி. இருபது முழம் விடுவது உத்தமம், பதினாறு மத்திமம், பன்னிரண்டு அதமம். நெருக்கி வைத்தால் மரங்கள் ஒன்றையொன்று தொட்டு, வேர்கள் பின்னிக்கொண்டு, சரியாகப் பலன் கொடுக்காமல் துன்புறும் என்று அவர் காரணமும் சொல்லியிருக்கிறார். முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் உத்தம பட்சத்துக்கு முப்பது அடி ஆகிறது. பிறகு இந்தக் கணக்குக்கு மறுபடியும் வருவோம்.

கோயில்களுக்குப் புன்னை எப்படி வந்தது என்பதற்குப் புராணங்கள் ஆளுக்கொரு கதை சொல்லும். கதைகளை விட்டு நிலத்தைப் பார்த்தால் காரணம் எளிது: கடற்கரையில் ஊர் உண்டான இடத்தில் முன்பே புன்னை நின்றது, அதன் நிழலில் தெய்வமும் அமர்ந்தது. மயிலாப்பூர் இதற்குச் சிறந்த உதாரணம். 7ஆம் நூற்றாண்டில் திருஞான சம்பந்தர், பாம்பு தீண்டி மாண்ட பூம்பாவையின் எலும்பைப் பெண்ணாக்கப் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தின் தொடக்கமே மயிலையின் புன்னைக் கானலைச் சொல்வதாக அமைந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்துபட்டது என்றும், இப்போதுள்ள கோயில் அதற்குப் பின் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். கடற்கரையை விட்டு நகர்ந்த அந்தக் கோயில் புன்னையை மட்டும் விட்டுவிடவில்லை. அம்பிகை மயிலுருவில் இறைவனைப் பூசித்த இடம் என்று இன்றும் காட்டப்படும் புன்னைவனநாதர் சந்நிதியும், அதன் பக்கத்தில் மரமும், தெருவெங்கும் கடைகளும் வாகனங்களும் நெருங்கிவிட்ட ஒரு நகரத்தின் நடுவே, அவ்வூர் ஒரு காலத்தில் மணற்காடாக இருந்ததற்குச் சாட்சியாக நிற்கின்றன.

அப்பர் பெருமான் முக்தியடைந்த திருப்புகலூரிலும் தலவிருட்சம் புன்னைதான். அவ்வூரில் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று நால்வகை மலர்களையும் பறித்துத் தொடுத்துச் சாத்திய முருக நாயனார் வாழ்ந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். மரக்கொம்பில் பூப்பதைக் கோட்டுப்பூ என்று தனி வகையாக்கி வைத்திருந்த சமூகத்தில் மரம் வைப்பதும் மலர்த்தொண்டின் ஒரு பகுதிதான். வைஷ்ணவர்களும் பின்வாங்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் சந்திர புஷ்கரணிக் கரையில் நிற்கும் புன்னையை, ஆசாரியர்கள் கூடித் திருவாய்மொழிக்கு அர்த்தம் சொல்லக் கேட்டுக்கொண்டே வளர்ந்த மரம் என்று அவர்கள் கொண்டாடுவார்கள். கடலிலிருந்து வெகுதொலைவு உள்ளே இருக்கும் காவிரித் தீவில் நெய்தல் மரத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், யாரோ ஒருவர் விரும்பி வைத்தார் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. தஞ்சைக்குப் பக்கத்தில் உள்ள புன்னைநல்லூரும் அப்படியே. மராட்டிய மன்னர் வெங்கோஜியின் கனவில் மாரியம்மன் தோன்றித் தான் ஒரு புன்னைக் காட்டில் புற்றாக இருப்பதாகச் சொன்னாள் என்பது அவ்வூர்த் தலவரலாறு. தாமிரபரணியின் கழிமுகத்தில், 16ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் தங்கித் தமிழ்ப்பணி செய்த ஊரின் பெயர் புன்னைக்காயல். ஊருக்கும் ஆளுக்கும் புன்னையின் பெயரை இட்டது தென்பாண்டி நாட்டில் பெருவழக்காக இருந்திருக்கிறது.

பிரயோஜனம் பிந்தி வந்தது என்றேன். வந்தபோது அது சிறிதாக வரவில்லை. புன்னைக் கொட்டையின் உலர்ந்த பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். ஆனால் அதை எடுப்பதிலும் இந்த மரத்துக்கே உரிய நிதானம் உண்டு. விழுந்த காயைப் பொறுக்கி, ஓட்டைக் கல்லால் தட்டி உடைத்து, உள்ளே உள்ள வெளிறிய பருப்பை வெயிலில் வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். பச்சைப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் வராது. பருப்பு செம்பழுப்பேறிப் பிசுபிசுத்த பிறகே செக்கிலிட்டு ஆட்டுவார்கள். இறங்கும் எண்ணெய் கரும்பச்சையாக, கெட்டியாக, கசப்பாக இருக்கும், சமையலுக்கு உதவாது. விளக்கில் நின்று எரியும். புகை சற்று அதிகம். பணக்காரர் வீட்டில் நெய்யும் நல்லெண்ணெயும், கோயிலில் நெய்யும் இலுப்பெண்ணெயும் எரிந்த காலத்தில், கடற்கரை ஊர்களின் எளிய குடிசைகளில் புன்னையெண்ணெய் எரிந்தது. வாசலில் ஒரு மரம் நின்றால் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம் என்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அற்பமான சௌகரியம் அன்று. மூட்டுப்பிடிப்புக்கும் சொறி சிரங்குக்கும் அதையே தடவினார்கள். தோணிப் பலகைகளுக்கு அதையே பூசினார்கள். பிண்ணாக்கு வயலுக்குப் போயிற்று. மரம் சிவந்து, இழை பின்னி, உளிக்கு எளிதில் இணங்காமல் இருப்பதால் தச்சர்கள் முணுமுணுத்தாலும், நீரில் ஊறிக் கெடாத தன்மையைக் கருதித் தோணி கட்டுவோர் அதை விரும்பினார்கள். கடற்காற்றில் கோணி வளர்ந்த கிளைகள் படகின் உள்வளைவுகளுக்கு இயற்கையிலேயே அறுத்து வைத்தவை போல உதவின. பிள்ளைகளின் பங்கையும் சொல்லிவிட வேண்டும்: கண்ணாடிக் கோலி கடைக்கு வருமுன் புன்னைக் கொட்டைதான் கோலி.

இதே மரத்தைப் பிற நாட்டாரும் சொந்தம் கொண்டாடுவார்கள். காய் கடலில் மிதந்து போகும் வல்லமை உடையது. ஆகவே ஆப்பிரிக்காவின் கீழைக்கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரையில் இது பரவியிருக்கிறது. தாஹிதித் தீவில் வழிபாட்டுக் களங்களைச் சுற்றி இதை நட்டுப் புனிதமாகப் போற்றினார்கள் என்று படிக்கும்போது, நம் தலவிருட்சத்துக்குக் கடல் கடந்த பந்துக்கள் இருப்பதாக ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. கொச்சியை ஆண்ட டச்சுக் கவர்னர் வான் ரீடே, மலையாள நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பெரும் தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூலிலும் இது 'பொன்னா' என்ற பெயரோடு படமாக இடம் பெற்றது. 1753இல் லின்னேயஸ் இதற்கு இரட்டைப் பெயர் சூட்டி உலகத் தாவரப் பட்டியலில் சேர்த்தார்.

புன்னையை வீட்டு வாசலிலிருந்து இறக்கியது, என் கணிப்பில், ஒரு தகர டப்பா. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும், பிறகு 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனியின் கிணறுகளிலிருந்தும் சீமையெண்ணெய் நம் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. காசு கொடுத்தால் உடனே கிடைப்பது. பொறுக்கவும் உடைக்கவும் உலர்த்தவும் வேண்டாம். கண்ணாடிச் சிம்னிக்குள் வெள்ளை வெளிச்சம் தருவது. புன்னையெண்ணெய், இலுப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றும் அதன்முன் நிற்க முடியவில்லை. வேம்புக்கு அம்மன் துணையிருந்தாள். இலுப்பைக்குக் கோயில் விளக்கு ஓரளவு துணையிருந்தது. புன்னைக்கு நிழலும் பூவும் மட்டும் மிஞ்சின. அவற்றுக்காக மட்டும் ஒரு மரத்துக்கு இடம் விடும் மனப்பான்மை அதற்குள் குறைந்து வந்தது. கடற்கரையிலோ வேறொரு போட்டி வந்தது. ரயில் எஞ்சின்களுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டுமென்று, நட்ட சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வரும் சவுக்கைச் சோழமண்டலக் கரை நெடுகிலும் நட்டார்கள். சவுக்குத் தோப்பு வரிசை வரிசையாக, அழகாகத்தான் இருக்கும். அதில் காற்று புகும் ஓசையையும் நான் ரசிப்பவனே. ஆனால் வெட்டுவதற்கென்றே நட்ட மரத்துக்கு யாரும் தங்கை முறை சொல்லப்போவதில்லை.

சாலைக்கும் பங்களாவுக்கும் அழகு சேர்க்கும் மரங்கள் என்று துரைமார்கள் காலத்தில் தூரதேசங்களிலிருந்து வந்தவை வேறு. அமெரிக்க வெப்பநாடுகளின் தூங்குமூஞ்சி மரமும், மடகாஸ்கர் தீவின் குல்மோஹரும் சில ஆண்டுகளிலேயே பிரம்மாண்டமாகப் படர்ந்து கண்ணைப் பறிக்கும் ஜாலம் உள்ளவை. 1950ஆம் ஆண்டு ஜூலையில் கே. எம். முன்ஷி வனமஹோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தபோது தேசமெங்கும் மரம் நடும் உற்சாகம் பிறந்தது. அந்த உற்சாகத்திலும் சீக்கிரம் பலன் காட்டும் மரங்களுக்கே கிராக்கி அதிகம். நிதானமாக வளர்கிறது என்பது அரசாங்க விழாவுக்கு ஏற்ற குணம் அன்று. அடுத்த ஆண்டு வருகிற மந்திரிக்குக் காட்ட ஏதாவது இருக்க வேண்டாமா? இந்த அவசரத்துக்கு விலை பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் இப்படி விரைந்து ஓங்கிய அயல்நாட்டு மரங்கள் மிகுதி என்று அப்போது பலரும் எழுதினார்கள். புயலில் எந்த மரமும் விழலாம், புன்னையும் விலக்கல்ல. ஆயினும் கடற்காற்றோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய மரத்துக்கும் அதைக் கண்டறியாத மரத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்குமா?

இடையிடையே புன்னையை நினைத்தவர்கள் இல்லாமலில்லை. 1953இல் அமைந்த அகில இந்தியக் கதர் கிராமத் தொழில் வாரியமும், பிறகு வந்த ஆணையமும், உணவுக்கு உதவாத எண்ணெய்களைக் கொண்டு சோப்பு செய்யும் கிராமத் தொழிலை ஊக்கியபோது, வேம்பு, புங்கு, இலுப்பை ஆகியவற்றோடு புன்னைக் கொட்டைக்கும் கொஞ்சம் மதிப்பு வந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கரையைக் காக்கும் மரவேலி பற்றிய பேச்சு எழுந்தபோது மறுபடியும் இதன் பெயர் அடிபட்டது. நாகப்பட்டினம் பக்கத்தில் புன்னையெண்ணெயை ஊற்றிப் பம்புசெட்டை ஓட்டிக் காட்டிய விவசாயியைப் பற்றிப் பத்திரிகைகள் ஆச்சரியத்தோடு எழுதின. மண்ணெண்ணெயால் வேலையிழந்த எண்ணெய், டீசலின் வேலையைச் செய்ய வந்தது காலத்தின் விநோதம். அந்த முயற்சி பரவ வேண்டுமென்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் எண்ணெய்க்காக மட்டும் இதை நாடினால் மறுபடியும் ஏதோ ஒரு டப்பா வந்து இதைத் தோற்கடித்துவிடும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.

இனி, வீட்டில் வைக்க விரும்புவோரின் விஷயம். கோயில் மரத்தின் அடியில் விழுந்து கிடக்கும் முற்றிய கொட்டைகளே நல்ல விதை. உதிர்ந்து நெடுநாள் ஆனவற்றைத் தள்ளிவிட வேண்டும். ஓட்டை மெல்லத் தட்டி விரிசல் காணச் செய்து, பருப்பு நசுங்காமல் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் காத்திருக்கும் நாள் குறையும். கன்றை முதலிலேயே நிரந்தர இடத்தில் வைத்துவிடுவது மேல். முதல் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீரும், ஆடு கடிக்காமல் ஒரு வேலியும் வேண்டும். பிறகு அது நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. நீர் தேங்கும் களிமண்ணைவிட மணற்பாங்கான நிலம் இதற்கு உவப்பு என்றாலும், ஸ்ரீரங்கத்துப் புன்னை காவிரி வண்டலில்தானே நிற்கிறது! குறைகளையும் மறைக்கக் கூடாது. தோல்போலத் தடித்த சருகு எளிதில் மட்காது. நாள்தோறும் பெருக்க வேண்டும். காய் உதிரும் காலத்தில் திண்ணையிலும் சிமெண்டுத் தரையிலும் கொட்டைகள் உருண்டு கிடந்து முதியவர்களை வழுக்கிவிடும். வௌவாலின் இரவுக் கச்சேரியும் சிலருக்கு ஒவ்வாது. ஆகையால் நடைபாதைக்கு நேர்மேலே கிளை வராதபடி, மண் தரையாக விட்ட பக்கத்தில் வைப்பதே விவேகம்.

வராஹமிஹிரரின் முழக்கணக்குக்கு இங்கே வேலை வருகிறது. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது என்று பெரும்பாலும் அளந்து விற்பார்கள். உத்தம பட்சமான முப்பது அடியை ஒரு மரத்துக்கென்று விட்டால், அந்த மனையில் வீட்டுக்கும் இடம் இருக்கும், மரத்துக்கும் இடம் இருக்கும். மோட்டார் வண்டி கொட்டகைக்குத்தான் இருக்காது. அதமமான பன்னிரண்டு முழம், அதாவது பதினெட்டு அடி, என்று இறங்கி வந்தால் சாமர்த்தியசாலிகள் கொட்டகையையும் சேர்த்துவிடுவார்கள். அரை கிரவுண்டு வாங்கி நான்கு புறமும் சுவரோடு சுவராக எழுப்புகிறவர்களுக்கு ஸம்ஹிதையில் விதி ஒன்றும் சொல்லப்படவில்லை. அவர்களில் சிலர் இப்போது வாசலுக்கு வெளியே தெருவோரத்தில் மண் விட்டிருக்கும் இடமாகப் பார்த்துப் புன்னைக் கன்று வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மின்கம்பி தலைக்குமேல் போகாத பக்கமா என்று மட்டும் முதலில் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.